குடையாத குழிவு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெருங்காடு இல்லை. பனை இருக்கிறது, வேலியோரத்தில் பூவரசும் வளவுக்குள் வேம்பும் பலாவும் மாவும் நிற்கின்றன. ஆனால் கதவு நிலைக்கும் யன்னல் சட்டத்துக்கும் வேண்டிய முதிரையும் தேக்கும் வன்னியிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோதான் வரவேண்டும். அப்படிக் கொண்டுவருவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். சொந்த வளவில் நிற்கும் மரத்தையும் எல்லா நேரமும் நினைத்தபடி தறித்துவிட முடியாது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றையும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் காத்து நிற்கிறது. ஆகவே அச்சுவேலி போன்ற ஓர் ஊரில் மரவேலை என்றாலே அது பற்றாக்குறையோடு செய்யப்படும் வேலைதான். இந்தப் பற்றாக்குறை எந்த வகைச் செய்முறையைக் கேட்கிறது என்ற கேள்வியை நாம் போதிய அளவு கேட்டதில்லை. பெரிய தளபாடங்களை வைத்து இக்கேள்விக்குப் பதில் தேடலாம். நான் சிறிய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஒரு மரக்கிண்ணம் போதும்.

கிண்ணம் என்றதும் குடைதல்தான் நினைவுக்கு வருகிறது. தடித்த குற்றியொன்றைக் கடைசல் இயந்திரத்தில் பூட்டிச் சுழலவிட்டு உளியை உள்ளே செலுத்தினால் நடுமரம் சுருள் சுருளாகச் சீவப்பட்டு வெளியே வரும்; எஞ்சி நிற்பது கிண்ணம். வாய் அகலம் 20 சென்டிமீற்றர், உயரம் 10 சென்டிமீற்றர் கொண்ட கிண்ணம் ஒன்றை இப்படிச் செய்யச் சதுரக் குற்றியின் கன அளவு 4 லீற்றர் இருக்க வேண்டும். சுவரை ஒரு சென்டிமீற்றர் தடிப்புக்குக் கடைந்தால் முடிந்த கிண்ணத்தில் அந்த மரத்தின் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. மிகுதி அடுப்புக்குப் போகிறது. நட்டம் அதோடு முடிவதில்லை. 10 சென்டிமீற்றர் தடிப்புள்ள குற்றி வெடிக்காமல் காய ஆண்டுகள் பிடிக்கும்; ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது மரவேலைக்காரர் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் பொதுக்கணக்கு. காடு பக்கத்தில் இருக்கும் ஊர் இந்த விலையைக் கொடுக்கலாம். மரத்தை லொறியில் எதிர்பார்த்திருக்கும் ஊர் அதைக் கொடுப்பதற்கு நியாயம் இல்லை.

இன்னொரு வழி இருக்கிறது. 20 மில்லிமீற்றர் தடிப்பும் 20 சென்டிமீற்றர் அகலமும் உள்ள ஒரு சதுரப் பலகை போதும். அதன்மேல் கவராயத்தால் 10 சென்டிமீற்றர் ஆரையில் ஒரு வட்டமும், அதற்குள் ஒவ்வொரு சென்டிமீற்றர் குறைத்து மேலும் நான்கு வட்டங்களும் வரைய வேண்டும். வெட்டுவது ஸ்க்ரோல் சோ என்னும் மேசைவாள். நூல்போல மெல்லிய அலகு மேலும் கீழும் ஆட, வேலை செய்பவர் பலகையைத் தன் இரு கைகளாலும் திருப்பித் திருப்பிக் கோட்டை அலகுக்கு ஊட்டுவார். அந்த வாளின் மேசையைச் சாய்த்து வைப்பதில்தான் வித்தை அத்தனையும் அடங்கியிருக்கிறது. ஏறக்குறைய 26½ பாகை சாய்வில் வெட்டினால், 20 மில்லிமீற்றர் கீழே இறங்குவதற்குள் வெட்டு 10 மில்லிமீற்றர் உள்ளே நகர்ந்திருக்கும். அதனால் வெளி வளையத்தின் கீழ் விளிம்பும் அடுத்த வளையத்தின் மேல் விளிம்பும் ஒரே அளவாகிவிடுகின்றன. நான்கு வளையங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் எஞ்சிய வட்டத்தை அடியில் வைத்துப் பசையிட்டு இறுக்கினால் 10 சென்டிமீற்றர் உயரக் கிண்ணம் எழுந்து நிற்கும். வாள் தின்னும் தடிப்புப் போக வளையம் முழு 10 மில்லிமீற்றர் வேண்டும் என்றால் வட்டங்களை அந்த அளவுக்குத் தள்ளி வரைந்து சாய்வை இன்னும் ஓரிரு பாகை கூட்டிக்கொள்ளலாம். செலவான மரம் 0.8 லீற்றர். கடைசலுக்கு வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் ஓராண்டில் காய்ந்துவிடக்கூடிய பலகை. வட அமெரிக்காவின் பொழுதுபோக்கு மரவேலைக்காரரிடையே வளர்ந்த இம்முறையைப் பலருக்கும் கொண்டுசென்றவர்களில் கரல் ரொத்மன் முக்கியமானவர்; அவருடைய செய்முறை நூல் 2010இல் வெளிவந்தது.

அங்கே ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்காக இருப்பதை இங்கே தூக்கிக்கொண்டு வருவானேன் என்று கேட்கலாம். கருவி வேண்டுமானால் புதிது. அதன் பின்னால் இருக்கும் எண்ணம் தமிழருக்குப் புதிதல்ல. கீழடியிலும் அரிக்கமேட்டிலும் அகழ்ந்தெடுக்கப்பட்ட உறைக்கிணறுகளை எண்ணிப் பாருங்கள். கிணற்றளவு நீளமான சுடுமண் குழாயை வனையவும் முடியாது, எந்தச் சூளையிலும் சுடவும் முடியாது. முழுதாகச் செய்ய முடியாததை வளையம் வளையமாகச் செய்து ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினார்கள். ஈராயிரம் ஆண்டு கழித்தும் அடுக்குக் குலையாத உறைகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டிருக்கின்றன. செட்டிநாட்டார் பர்மாவில் வணிகம் செய்த காலத்தில் அங்கிருந்து கொண்டுவந்த அரக்குப் பாத்திரங்கள் இன்றும் காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை மெல்லிய மூங்கிற் பட்டையைச் சுற்றிச் சுற்றி உயர்த்திய சுவர்கள். மேலே பூசிய அரக்கு அந்தச் சுற்றுகளை மறைத்துவிடுகிறது. குடாநாட்டுக் கடகமும் நீத்துப்பெட்டியும் பிளாவும் தட்டையான ஓலையிலிருந்து குழிவை உண்டாக்குகின்றன. இவற்றில் எதிலும் யாரும் எதையும் குடையவில்லை. குழிவு என்பது திடப்பொருளை அகற்றித்தான் வரவேண்டும் என்ற எண்ணம் கல்லும் பெருமரமும் மலிந்த இடத்தின் எண்ணம். ஓலையும் களிமண்ணும் மூங்கிலும் கையில் கிடைத்தவர்கள் குழிவைச் சேர்த்துச் சேர்த்தே கட்டினார்கள்.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு வலிமையானது, எளிதாகத் தள்ளிவிடக்கூடாது. ஒரே மரத்தில் கடைந்த கிண்ணத்துக்கு மூட்டு இல்லை. பசையில் நிற்கும் கிண்ணமோ மூட்டுக்கு மூட்டு பிரியக்கூடியது. அதை எப்படி நம்புவது? இங்கே பசையைவிட மரத்தின் நார் ஓட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மரம் நாரின் நீளத்தில் ஏறத்தாழ அசைவதே இல்லை. குறுக்கேதான் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும். கார்த்திகை மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் இடையில் இந்த அசைவு தவிர்க்க முடியாதது. வெவ்வேறு திசையில் நார் ஓடும் இரண்டு துண்டுகளை ஒட்டினால் ஒன்று விரியும்போது மற்றது இழுத்துப் பிடிக்கும்; மூட்டு அங்கேதான் விடும். ஒரே பலகையில் வெட்டிய வளையங்களோ பலகையில் இருந்த அதே திசையில் அடுக்கப்படுகின்றன. நார்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவதால் எல்லா வளையமும் சேர்ந்து விரிந்து சேர்ந்து சுருங்குகின்றன. பசை பிடிப்பதும் பலகையின் முகத்தோடு முகம். மரத்தில் பசை நன்றாகப் பற்றும் பக்கம் அதுதான். வெட்டுமுகத்தில் பசை பலவீனம் என்பது தச்சர் எல்லோருக்கும் தெரியும். இந்தக் கிண்ணத்தில் வெட்டுமுகத்தை ஒட்டவேண்டிய தேவை ஓரிடத்திலும் இல்லை. மெய்யான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வளையத்திலும் நார் குறுக்கே அறுபடும் இடங்கள் இரண்டு உண்டு. ஒட்டுவதற்கு முன் அந்த இடங்களில் வளையம் சட்டென்று முறியும். அடுக்கி ஒட்டிய பின்னும் சுவரின் அந்த இரு பக்கங்களும் மற்றப் பக்கங்களைவிட மெலிந்தவையே. இதே குறை கடைந்த கிண்ணத்துக்கும் உண்டு. மெலிந்த பக்கமும் பசை மூட்டும் இருப்பதால் கொதிக்கும் கூழுக்கு இந்தக் கிண்ணம் ஆகாது. பழத்துக்கும் வெற்றிலைக்கும் பனங்கட்டிக்கும் புழுக்கொடியலுக்கும் ஆகும். பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு வேலை உண்டு; எல்லாவற்றுக்கும் ஆகவில்லை என்பதால் ஒரு கிண்ணம் பிழையாகிவிடாது.

இரண்டாவது மறுப்பு உருவம் பற்றியது. ஒரே சாய்வில் வெட்டினால் சுவர் நேர்க்கோடாகத்தானே சரியும், எல்லாக் கிண்ணமும் ஒரே அச்சில்தானே இருக்கும் என்பார்கள். வளையத்துக்கு வளையம் சாய்வை மாற்றினால் சுவர் வளையும். வளையத்தைச் சிறிது அகலமாக விட்டு அரத்தாளால் தேய்த்தும் வளைவைக் கொண்டுவரலாம். அதைவிடப் பெரிய விடயம் ஒன்றுண்டு. சாதாரணக் கடைசலால் வட்டத்தை மட்டுமே தரமுடியும், ஏனெனில் அங்கே சுழல்வது மரம். இந்த வாளுக்கு வட்டம் கட்டாயமில்லை. நீள்வட்டம், நாலிதழ், எட்டிதழ், பிலாவிலை வடிவம் என்று கை வரையும் எந்த மூடிய கோடும் கிண்ணத்தின் வாயாகலாம். அதற்குள் அதே கோடு சிறுத்துச் சிறுத்து அடிவரை இறங்கும். நல்லூரிலும் மாவிட்டபுரத்திலும் வாகனங்களிலும் தேர்ச்சிற்பங்களிலும் இதழ் இதழாக விரியும் தாமரையைக் கண்டு வளர்ந்த கண்களுக்கு இந்த வாய்ப்பின் அருமையை விளக்கவேண்டியதில்லை.

மின்சாரத்தில் ஓடும் கருவியால் செய்ததைக் கைவினை என்று சொல்லலாமா என்பது இன்னொரு கேள்வி. இதற்கு விடை தேடத் தொலைவில் போகவேண்டாம். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தின் வழியில் 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இலங்கைக் கைவினைஞர்களை நேரில் பார்த்து ஆராய்ந்து 1908இல் பெருநூல் வெளியிட்டவர். கருவிக்கும் இயந்திரத்துக்கும் இடையே அவர் வகுத்த வேறுபாட்டை, பல ஆண்டுகள் கழித்துப் பொருளியலாளர் சூமாக்கர் 1973இல் வந்த தம் நூலில் எடுத்தாண்டதால் உலகம் முழுவதும் அது அறியப்பட்டது. கம்பளத் தறி கருவி, அது நூலை இழுத்துப் பிடித்து விரல்களுக்கு இடம் கொடுக்கிறது. விசைத்தறி இயந்திரம், அது அந்த வேலையில் மனிதனுக்கே உரிய பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது. இந்த அளவுகோலை நம் வாளிடம் கொண்டுவருவோம். மின்மோட்டார் செய்வது அலகை மேலும் கீழும் ஆட்டுவது ஒன்றைத்தான். கோடு எங்கே திரும்ப வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், நார் கடினமாகும் இடத்தில் எப்படி வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பவை அனைத்தும் கையிடமே இருக்கின்றன. சாய்ந்த மேசையில் பலகையை ஒரே திசையில்தான் சுற்றவேண்டும். இடையில் திசையை மாற்றினால் சரிவு மறுபக்கம் புரண்டு வளையம் வீணாகிவிடும். 1968இல் வேலைப்பாட்டைப் பற்றி நூல் எழுதிய இங்கிலாந்தின் டேவிட் பை, செய்யும்போது ஒவ்வொரு கணமும் கெட்டுப்போகக்கூடிய நிலையில் இருக்கும் வேலையை, முடிவு முன்கூட்டியே உறுதியாகிவிட்ட தொழிற்சாலை வேலையிலிருந்து பிரித்துக் காட்டினார். அவரே மரத்தட்டுகளும் கிண்ணங்களும் செய்தவர்; அவற்றின் உட்புறத்தில் வரிவரியாகச் செதுக்கத் தாமே ஒரு சாதனத்தை அமைத்துக்கொண்டவர். கையின் பொறுப்பு நீங்காத வரை துணைக்கருவி வெட்கத்துக்குரியதல்ல என்று அவருடைய கிண்ணங்கள் சொல்கின்றன. இருவரின் அளவையிலும் வளையக் கிண்ணம் கைவினையே என்பது என் முடிவு.

மின்சாரத்தையே நம்பியிருப்பதைப் பற்றிய கவலை இதைவிட நியாயமானது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அதற்கு முன், 1990களின் பெரும்பகுதியில் குடாநாட்டுக்குத் தேசிய மின்சாரம் கிடைக்கவே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஆனால் மின்சாரம் இந்த வாளோடு கூடப் பிறந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே வகை வாளைத் தையல் இயந்திரம்போலக் காலால் மிதித்து ஓட்டினார்கள். காலால் மிதித்தாலும் அலகு அதே வெட்டைத்தான் வெட்டும். நேரம் மட்டும் கூடுதலாகும். பழைய தையல் இயந்திரத்தின் அடிச்சட்டம் இல்லாத ஊர் நம்மிடம் இல்லை. தடைகளுக்குள் வாழ்ந்து மாற்றுவழி கண்ட ஊருக்கு இதைச் செய்துகொள்வது முடியாத காரியமல்ல.

எந்த மரம் என்ற கேள்விக்கு வரும்போது நம் பற்று பனையை நோக்கி ஓடும். போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்குமாகத் தறிக்கப்பட்டு அழிந்த பனைகளை நினைத்தால் அந்தப் பற்றில் துயரமும் கலந்திருக்கும். ஆனாலும் பனை இந்த வேலைக்கு உகந்ததல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். அது புல்லினத்துக்கு நெருங்கிய உறவு. அதன் தண்டில் ஆண்டு வளையம் இல்லை. புறத்தே வைரம் பாய்ந்த கரிய நார்க்கற்றைகள், நடுவில் மென்மையான சோறு. உறுதியான பகுதி புறத்தோடு மட்டும் இருப்பதால் அகலப் பலகை கிடைப்பது அரிது. நாருக்குக் குறுக்கே மெல்லிய வளையம் வெட்டினால் கற்றைகள் பிரிந்துவிடும். வளைக்கும் சிலாகைக்கும் பனையை மிஞ்ச ஒன்றுமில்லை. கிண்ணத்தில் அதற்கு உரிய இடம் அழகுக்கோடு. பலகை செய்யும்போதே நடுவில் பனை வைரத்தின் மெல்லிய பட்டை ஒன்றை ஒட்டிவைத்தால், வளையங்களை அடுக்கிய பின் அது விளிம்பிலிருந்து அடிவரை சுவரின் இரு பக்கத்திலும் கருங்கோடாக இறங்கும்.

இந்த வேலைக்குப் பிறந்த மரம் பூவரசு. நாம் அதைக் கதியாலாக நட்டு, ஆட்டுக்குக் குழை வெட்டி, பிள்ளைகளுக்கு இலையில் பீப்பீ செய்து கொடுத்து, வேலிமரம் என்ற அளவிலேயே நிறுத்திவிட்டோம். பசிபிக் சமுத்திரத்தின் தீவுகளில் அதன் மதிப்பு வேறு. ஹவாயில் மிலோ என்று வழங்கும் இதே மரத்தில் அங்குள்ள மக்கள் உணவுக் கிண்ணங்கள் செய்தார்கள். கோவா என்னும் தங்கள் பெருமரம் உணவில் தன் சுவையை ஏற்றிவிடும், மிலோ அப்படிச் செய்யாது என்பது அதற்குக் காரணம். வைரம் செம்மை கலந்த கபிலம், ரேகை நெருக்கம், மெருகு நன்றாக ஏறும். பூவரசில் பெரும்பாலும் நீண்ட பெருமரம் கிடைக்காது, கோணலும் கணுவும் அதிகம் என்பார்கள். தளபாடத்துக்கு அது குறை. 20 சென்டிமீற்றர் சதுரம் மட்டுமே கேட்கும் வேலைக்கு அது ஒரு குறையே அல்ல. மஞ்சள் பலாவின் ஒட்டுத்துண்டை அதனோடு பக்கம் பக்கமாகச் சேர்த்தால் இரு நிறமும் ஒரே கிண்ணத்தில் அமையும். மரக்காலையிலும் தச்சுப் பட்டறையிலும் கதவு நிலைக்கு அறுத்து எஞ்சும் முதிரைத் துண்டுகளும் இதற்கு ஆகும்; வாளுக்குக் கொஞ்சம் கடினமாக இருக்கும், அவ்வளவுதான்.

இதனால் அச்சுவேலி செழித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சில்வர் கிண்ணமும் பிளாஸ்ரிக் கிண்ணமும் விலையில் எப்போதும் வெல்லும். புலம்பெயர்ந்தவர்களின் ஊர் ஏக்கத்தை நம்பி ஒரு தொழிலைத் தொடங்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஏக்கம் ஒரு தலைமுறையோடு தேய்ந்துபோகும். இந்தக் கிண்ணம் தன் செய்நேர்த்தியால் விற்க வேண்டும். விற்காவிட்டால் செய்தவர் வீட்டிலாவது பயன்பட வேண்டும். தேய்ப்பு வேலையில் எழும் மரத்தூளை 1995இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் வரிசையில் சேர்த்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். முகக்கவசமும் தூசு உறிஞ்சியும் இல்லாத பட்டறையில் பிள்ளைகளை இந்த வேலைக்கு அமர்த்தக்கூடாது. இத்தனை எச்சரிக்கைக்குப் பின்னும் இம்முறையின் பக்கம் நிற்கிறேன் என்றால், எஞ்சியதிலிருந்து முழுமையான ஒன்றைச் செய்ய அது கணக்கோடும் பொறுமையோடும் கற்றுக்கொடுக்கிறது என்பதால்தான். ஓர் உயர்தர மாணவன் பாடத்தில் படிக்கும் தாஞ்சனை, 10ஐ 20ஆல் வகுத்து மேசையின் சாய்வாக மாற்றும்போது, அவன் கணிதத்துக்கு ஒரு கிண்ணம் விடையாகக் கிடைக்கிறது. கணிதமும் தச்சும் ஒரே மேசையில் கூடும் இடங்கள் நம் கல்வியில் மிகக் குறைவு.

போருக்கு முன் இயங்கி, போரில் சிதைந்து, பின்னர் இந்திய உதவியோடு மீளக் கட்டப்பட்ட கைத்தொழிற்பேட்டை அச்சுவேலியில் இருக்கிறது. அங்கே ஒரு சிறு கூடம், நாலைந்து மேசைவாள், ஒழுங்கான தூசு உறிஞ்சி, பலகைகளை நிழலில் அடுக்கிக் காயவைக்க ஒரு கொட்டில் என்பவை பெரிய கேள்வி அல்ல. அது அமையும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியமும் ஒன்றுண்டு. இன்று வேலிகள் மதில்களாக மாறிக்கொண்டிருக்கின்றன. மதில் எழும் ஒவ்வொரு வளவிலும் பூவரசுகள் தறிக்கப்பட்டு விறகாகின்றன. மதில் கட்டுவோரிடம் ஒரு வேண்டுகோள்: அடிமரத்தை விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அருகிலுள்ள மரக்காலையில் 20 மில்லிமீற்றர் பலகையாக அறுப்பித்து, இடையிடையே சிலாகைத் துண்டு வைத்து, வெயில் படாத தாழ்வாரத்தில் ஓராண்டு அடுக்கி வையுங்கள். யாருக்கு என்று இப்போது தெரியாவிட்டாலும் பரவாயில்லை. காய்ந்த பூவரசுப் பலகை கேட்டு வருபவர் வருவார்.